சுழலும் மூட்டு வழியே மின்சாரம்: செய்மதிகளின் ஸ்லிப் ரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் உயர்தர மாணவர்களுக்கு நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், மின்பிறப்பாக்கி பாடம் முடிந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: செய்மதியின் சோலார் பனல் சூரியனைப் பார்த்துச் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதன் வயர் முறுக்கி அறுந்து போகாதா? அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவற்றையும், கண்டி வீதிப் பக்கம் மோட்டர் வைண்டிங் வேலை செய்யும் நண்பர்கள் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறோம். பௌதிகவியல் படிக்காதவர்களும் வாசிக்கலாம். கார்பன் தூரிகை மாற்றிப் பழகியவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கனவே தெரிந்ததுதான்.

பனல் எதற்காகச் சுற்ற வேண்டும்? முழுச் செய்மதியையும் சூரியன் பக்கம் திருப்பி வைத்தால் போதாதா?

செய்மதிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் பார்க்கும் வேலை இருக்கிறது. அன்டெனாவும் கமராவும் பூமியைப் பார்க்க வேண்டும். பனல் சூரியனைப் பார்க்க வேண்டும். செய்மதி பூமியைச் சுற்றிவரும்போது இந்த இரண்டு திசைகளுக்கும் இடையிலுள்ள கோணம் மாறிக்கொண்டே போகும். உடல் பூமியை விட்டு முகம் திருப்பாமல் இருக்க வேண்டுமானால் பனல்தான் உடலோடு ஒப்பிடும்போது சுழல வேண்டும். அந்த இரண்டையும் இணைக்கும் மூட்டைத் தாண்டி மின்சாரம் உள்ளே வர வேண்டும். பிரச்சினை முழுவதும் அந்த மூட்டில்தான்.

மூட்டே வேண்டாம் என்றும் செய்யலாம். பகலும் இரவும் சந்திக்கும் கோட்டின் மேலேயே பறக்கும் விடியல்-அந்திச் சுற்றுப்பாதையில் சூரியன் எப்போதும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் நிற்கும். அங்கே பனலைப் பூட்டிவிடலாம். சின்னச் செய்மதிகளில் உடல் முழுக்கவே கலங்களை ஒட்டிவிடுவார்கள். 1975 இல் சோவியத் ரொக்கெட்டில் ஏவப்பட்ட இந்தியாவின் ஆரியபட்டா 26 முகங்கள் கொண்ட உடல். அதன் முகங்களிலேயே சூரியக் கலங்கள் இருந்தன. சுழலும் மூட்டு தேவைப்படவில்லை. ஆனால் கிடைத்த மின்சாரமும் 46 வாட் அளவுதான். கிலோவாட் கணக்கில் வேண்டுமென்றால் விரிந்த பனல் வேண்டும், அந்தப் பனல் சூரியனை விடாமல் பார்க்கவும் வேண்டும்.

எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது?

மிக மெதுவாக. நம் கூரைகளில் உள்ள டிஷ் அன்டெனாக்கள் பார்க்கும் தொலைக்காட்சிச் செய்மதி பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் பனல் ஒரு நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றும், மணிக்கு 15 பாகை. 15 வருடம் வேலை செய்தால் மொத்தம் 5,500 சுற்றுகள் அளவில் வரும்.

தாழ்ந்த சுற்றுப்பாதையில் கணக்கு வேறு. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, ஒரு நாளைக்கு ஏறக்குறைய பதினைந்தரைச் சுற்று. வருடத்துக்கு 5,600 சுற்றைத் தாண்டிவிடும். அதாவது தொலைக்காட்சிச் செய்மதியின் மூட்டு தன் ஆயுள் முழுக்கச் சுற்றும் சுற்றுகளை இது ஒரே வருடத்தில் சுற்றி முடிக்கிறது.

விண்வெளி நிலையம் சில நாட்களில் மாலை இருட்டியதும் நம் ஊருக்கு மேலாலும் போகும். உப்புவெளிக் கடற்கரையில் நின்றால் வெறும் கண்ணுக்கே பிரகாசமாகத் தெரியும். அது ஆறு நிமிடம் கண்ணில் பட்டால், அந்த நேரத்தில் அதன் பெரிய சுழல்மூட்டுகள் 23 பாகை அளவு திரும்பியிருக்கும்.

இவ்வளவு மெதுவாகத்தானே சுற்றுகிறது, கொஞ்சம் நீளமான வயரைச் சுருட்டி விட்டால் என்ன?

நல்ல கேள்வி. ஒரு வடிவமைப்பாளரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மூட்டு ஒரே திசையில் முடிவில்லாமல் சுற்றத்தான் வேண்டுமா, இல்லை ஒரு எல்லைக்குள் போய்த் திரும்பி வந்தால் போதுமா? போய்த் திரும்பினால் போதும் என்றால் வளையும் கேபிளே சிறந்தது. அதில் உராயும் தொடுபுள்ளி கிடையாது, தூசு கிடையாது, இரைச்சல் கிடையாது.

விண்வெளி நிலையத்தின் கனடார்ம்2 என்ற இயந்திரக் கையில் 7 மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரு பக்கமும் 270 பாகை வரை திரும்பும், அதற்கு மேல் போகாது. அந்த எல்லை இருப்பதால் கேபிளே மூட்டுக்குள்ளால் போய்விடுகிறது. மன்னார்க் கரையில் பார்க்கிற மாதிரியான பெரிய காற்றாலைகளும் இதே வழியில்தான் போகின்றன. காற்றுத் திசைக்குத் தலை திரும்பத் திரும்பக் கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் முறுகும். சில சுற்று முறுகியதும் இயந்திரம் தானாக நின்று, எதிர்ப்பக்கம் சுற்றி, முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும்.

செய்மதிப் பனலையும் இப்படி ஓட்டலாம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் அரைமணி நேரத்துக்கு மேல் பூமியின் நிழல் இருக்கும். பனலுக்கு வேலை இல்லாத அந்த நேரத்தில் அதைப் பின்னோக்கிச் சுற்றலாம். ஆனால் வருடத்துக்கு ஐயாயிரம் தடவைக்கு மேல் கேபிள் முறுகி அவிழும். குளிரில் விறைத்த காப்புறை வெடிக்கலாம், உள்ளே செப்பு இழைகள் களைத்து ஒன்றொன்றாக அறலாம். நிழலே அபூர்வமாக வரும் உயர்ந்த சுற்றுப்பாதையில் திருப்பி ஓட்டும் நேரம் முழுக்க மின்சாரம் நட்டம். அதனால் பெரும்பாலான பெரிய செய்மதிகள் முடிவில்லாமல் சுற்றும் மூட்டையே தேர்ந்தெடுக்கின்றன. அந்த மூட்டுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் பாகம்தான் ஸ்லிப் ரிங்.

ஸ்லிப் ரிங் எப்படி வேலை செய்கிறது?

உயர்தரப் பாடப் புத்தகத்தில் ஆடலோட்ட (AC) மின்பிறப்பாக்கி படத்தில் வருகிற அதே வளையம்தான். சுழலும் தண்டின் மேல் காப்புப் பொருளில் உலோக வளையங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வளையத்தையும் அசையாத பக்கத்திலிருந்து ஒரு தூரிகை, அல்லது வில் போல வளையும் மெல்லிய கம்பி, இலேசாக அழுத்திக்கொண்டிருக்கும். தண்டு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தொடுகை விடாது.

பஸ், லொறி அல்டர்னேட்டரைக் கழற்றினால் இரண்டு வளையங்கள் இருக்கும். செய்மதியில் ஒரு தண்டிலேயே பல பத்து வளையங்கள் வரும். பனலின் ஒவ்வொரு பகுதிக்கும் போகவும் வரவும் தனி வளையம், வெப்பநிலை உணரிகளுக்குச் சில, உதிரியாகச் சில. ஒரே வளையத்துக்கு இரண்டு மூன்று தூரிகை வைப்பதும் வழக்கம், ஒன்று விட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

எங்கள் கடையில் தூரிகை தேய்வதற்குத் தூசும் உப்புக் காற்றும்தான் காரணம் என்போம். மேலே காற்றே இல்லை. அப்ப தேயவே தேயாதுதானே அண்ணா?

கேட்டவர் வைண்டிங் வேலையில் பல வருடம் ஊறியவர். விடை அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண கார்பன் தூரிகையின் உயிர் கிராபைட்டில் இருக்கிறது. கிராபைட் படை படையாக அமைந்த பொருள். அந்தப் படைகள் இலகுவாக வழுக்குவதற்குக் காற்றில் உள்ள நீராவி வேண்டும். நம் ஊர்க் காற்றில் அதற்குக் குறைவில்லை, எனவே அந்தத் தயவை நாம் கவனிப்பதே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியபோது, அவற்றின் ஜெனரேட்டர் தூரிகைகள் மிக விரைவாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தன. காற்று மெலிந்து, நீராவி இல்லாமல் போனதுதான் காரணம். வெற்றிடத்தில் நிலைமை இன்னும் மோசம்.

அப்படியானால் கிராபைட்டை விட்டுவிட்டு உலோகத்தோடு உலோகத்தை உரசலாமே என்றால், அங்கே வேறு வம்பு. பூமியில் பெரும்பாலான உலோகங்களின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் இருக்கும். உரசலில் அது போனாலும் ஒட்சிசன் உடனே திரும்பப் போர்த்திவிடும். வெற்றிடத்தில் ஒருமுறை சுரண்டுப்பட்ட இடம் சுத்தமாகவே கிடக்கும். சுத்தமான இரண்டு உலோக முகங்கள் அழுந்தினால் சூடு இல்லாமலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பிய்யும்போது ஒரு துணுக்குக் கழன்று வரும். அந்தத் துணுக்கு அடுத்த சுற்றில் இன்னும் ஆழமாகக் கீறும்.

இதற்குப் பதிலாகக் கிடைத்தது மொலிப்டினம் டைசல்பைடு என்ற கருநிறப் பொருள். அதுவும் படை படையானது. ஆனால் குணம் எதிர். வெற்றிடத்தில் அருமையாக வழுக்கும், ஈரக் காற்றில் கெட்டுப்போகும். வெள்ளியையும் மொலிப்டினம் டைசல்பைடையும் கிராபைட்டையும் கலந்து அழுத்திச் செய்த தூரிகைகள் செய்மதிகளில் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன. வெள்ளி மின்சாரத்தைக் கடத்தும், மற்றவை வழுக்கும். இன்னொரு வழி பொன் பூசிய வளையத்தில் பொன் கலப்புலோகக் கம்பி, இடையே ஆவியாகாத எண்ணெயின் மிக மெல்லிய படலம்.

தரையில் செய்யும் சோதனைக்கும் இதே தலையிடிதான். விண்வெளிக்கென்று செய்த தூரிகையை நம் ஊர் மாதிரி ஈரமான காற்றில் ஓட்டிப் பார்த்தால், சோதனையே அதைப் பழுதாக்கிவிடும். அதனால் உலர்ந்த நைதரசனிலோ வெற்றிட அறையிலோதான் ஓட்டுவார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, வேகம். பத்து சென்ரிமீட்டர் விட்டமுள்ள வளையம் ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்றால், தூரிகைக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் நகர நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அல்டர்னேட்டரில் அது நொடிக்குப் பல மீட்டர் ஓடும். மெதுவாக ஓடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் தூரிகை வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடும், சின்னச் சின்ன நடுக்கம் வரும். அதோடு ஒரு தூசு அடியில் அகப்பட்டால் நெடுநேரம் அங்கேயே கிடக்கும். இரண்டு, வெப்பம். தொடுபுள்ளியில் 10 மில்லி ஓம் தடை இருந்து 20 அம்பியர் ஓடினால் 4 வாட் சூடு. தரையில் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அங்கே வளையம், தண்டு, உடல் என்று உலோகம் வழியாக மட்டும்தான் அது வெளியேற முடியும். நடுவில் காப்புப் பொருள் வேறு நிற்கிறது.

எத்தனை அம்பியர் போகும்?

பெரிய தொடர்பாடல் செய்மதிகள் 10 முதல் 20 கிலோவாட் வரை உற்பத்தி செய்யும். 15 கிலோவாட், 100 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 150 அம்பியர். இரண்டு பக்க இறக்கைகளுக்கும் பங்கிட்டால் ஒரு மூட்டுக்கு 75 அம்பியர். நம் வீடுகளுக்கு வழக்கமாகத் தரும் 30 அம்பியர் இணைப்பைப் போல இரண்டரை மடங்கு, கையில் பிடிக்கக்கூடிய ஒரு தண்டு வழியாக, பதினைந்து வருடம், யாரும் தொட்டுத் துடைக்காமல்.

இந்த மூட்டால் ஒரு செய்மதியே போனதுண்டா?

உண்டு. சீசாட். கடலை நம்பி வாழும் ஊர்க்காரர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடலை ஆராய்வதற்கென்றே நாசா 1978 ஜூன் மாதக் கடைசியில் ஏவிய செய்மதி அது. அலைகளின் உயரம், கடற்பரப்பின் மேல் வீசும் காற்று, நீரின் வெப்பநிலை, பனிக்கட்டி எல்லாவற்றையும் 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடாரும் நுண்ணலை உணரியும் கொண்டு அளந்தது. இரவிலும் முகிலுக்கு ஊடாகவும் படம் எடுக்கும் செயற்கைத் துளை ரேடாரைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்காகச் சுமந்த முதல் செய்மதியும் அதுதான். அதே வருடம் ஒக்டோபரில், 105 நாள் வேலை செய்த பிறகு, மின்தொகுதியில் பெரிய ஷோர்ட் ஏற்பட்டு மின்கலங்கள் வடிந்து அது மௌனமாகிவிட்டது. திரும்பக் கிடைக்கவே இல்லை.

விசாரணைக் குழு காட்டிய இடம் பனல் மூட்டிலுள்ள ஸ்லிப் ரிங் தொகுதி. பக்கத்துப் பக்கத்துத் தூரிகைகளுக்கு இடையே மின்வில், அதாவது இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி, மூண்டிருக்க வேண்டும் என்றார்கள். அதை மூட்டியது வயரும் தூரிகையும் தொட்டதாக இருக்கலாம், தூரிகையும் தூரிகையும் தொட்டதாக இருக்கலாம், இடையில் விழுந்த ஒரு துணுக்காகவும் இருக்கலாம். அந்தத் தொகுதியில் நேர் முனையும் மறை முனையும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. இடையில் ஒரு துகள் விழுந்தால் போதும், அது ஷோர்ட்.

தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்குப் பின்னால் உள்ள காரணம் இன்னும் முக்கியம். செய்மதியின் அந்தப் பகுதி ஏற்கனவே பறந்து நிரூபித்த பழைய வடிவம் என்று கருதி, புதிய கருவிகளுக்குக் கொடுத்த கவனத்தை அதற்குக் கொடுக்கவில்லை. உண்மையில் சீசாட்டுக்கு வந்த ஸ்லிப் ரிங்கின் அமைப்பு முன்னையதிலிருந்து மாறியிருந்தது. இதே வகைத் தொகுதிகளில் வேறு திட்டங்களில் வந்த கோளாறுகளும் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. கடலையே அளந்த ரேடாரைப் பற்றி எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்! மூட்டில் இருந்த தூரிகையை யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

நேரோட்டத்தில் (DC) மின்வில்லின் ஆபத்து கூட. 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம் நொடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடும், அந்த இடைவெளியில் வில் அணைய வாய்ப்புண்டு. சோலார் பனலிலிருந்து வருவது நேரோட்டம். மூண்ட வில்லுக்கு மூச்சுவிட இடைவெளி கிடையாது. சூட்டில் ஆவியாகும் உலோகமே அதற்குப் பாதையும் போட்டுக் கொடுக்கும். அதனால்தான் இன்று நேர் வளையங்களையும் மறை வளையங்களையும் தூரத் தள்ளி வைப்பதும், இடையில் வெற்று வளையம் விடுவதும், வளையங்களுக்கு நடுவே உயரமான காப்புச் சுவர் எழுப்புவதும் வழக்கம்.

விண்வெளி நிலையத்திலும் ஸ்லிப் ரிங்தானா?

அங்கே ரோல் ரிங். வழுக்குவதற்குப் பதிலாக உருளும். ஒரு பெரிய வளையலுக்குள் ஒரு சின்ன வளையலை வைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தில் இன்னும் சின்னதாக, வளைந்து கொடுக்கும் ஒரு வளையத்தை இலேசாக அமுக்கிச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளி வளையல் சுழலும்போது நடு வளையம் உருண்டுகொண்டே இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் அதன் வழியே கடக்கும். உரசல் மிகக் குறைவு, எனவே தேய்மானமும் தூசும் மிகக் குறைவு. பெரிய மின்சாரத்துக்கு இது அழகான தீர்வு. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகச் சிறந்த யோசனை இதுதான்.

நிலையத்தில் இரண்டு வகை மூட்டு இருக்கிறது. நிலையத்தின் நீண்ட சட்டத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பெரிய மூட்டு; சுமார் 3 மீட்டர் விட்டம். ஒவ்வொன்றுக்கும் அப்பால் நான்கு சோலார் இறக்கைகள் தொங்குகின்றன. ஒரு இறக்கை 35 மீட்டர் அளவு நீளம், 12 மீட்டர் அளவு அகலம். இது தவிர ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் தனியாகச் சாய்த்துத் திருப்பும் சின்ன மூட்டு ஒன்று. இறக்கைகளிலிருந்து சுமார் 160 வோல்ட் நேரோட்டம் இந்த இரண்டு மூட்டுகளையும் கடந்துதான் உள்ளே வருகிறது.

அவை பழுதாகியிருக்கின்றனவா?

2007 இல் வலப்பக்கப் பெரிய மூட்டு நடுங்கத் தொடங்கியது, அதைச் சுற்றும் மோட்டர் வழக்கத்தைவிடக் கூடுதல் மின்சாரம் இழுத்தது. ஒக்டோபரில் ஒரு விண்வெளி வீரர் வெளியே போய் மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே உலோகத் துருவல். மின்சாரம் கடத்தும் ரோல் ரிங் நன்றாகவே இருந்தது. கெட்டது அதைத் தாங்கும் பொறிமுறை. உருளைகள் ஓடும் பெரிய எஃகு வளையத்தின் கடினமான மேற்படை, மசகு போதாமல் உரிந்திருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த மூட்டைப் பெரும்பாலும் நிறுத்தியே வைத்தார்கள். அந்தப் பக்க இறக்கைகள் சூரியனை முழுதாகப் பின்தொடர முடியாததால் மின்சாரம் குறைந்தது. 2008 நவம்பரில் எண்டெவர் விண்வெளி ஓடத்தில் போன குழு பல விண்வெளி நடைகளில் துருவலைத் துடைத்து, கிரீஸ் பூசி, உருளைத் தொகுதிகளை மாற்றியது. அந்த வேலையின்போது கிரீஸ் துப்பாக்கி ஒன்று கசிந்து பையெல்லாம் பூசிக்கொள்ள, அதைத் துடைக்கும் நேரத்தில் கருவிப் பை கைதவறி மிதந்து போய்விட்டது. வேலை நிற்கவில்லை. துடைத்துக் கிரீஸ் போட்ட பிறகு மூட்டு மறுபடி சூரியனைப் பின்தொடர்ந்தது. கிரீஸின் அருமை தெரிந்த எந்த மெக்கானிக்குக்கும் இது சந்தோஷமான செய்தி.

சின்ன மூட்டில் நடந்தது இன்னும் நெஞ்சைத் தொடும். மோட்டரும் ரோல் ரிங்கும் சேர்ந்த ஒரு பெட்டி 2007 டிசம்பரில் செயலிழந்தது. அதைக் கழற்றி மாற்ற வேண்டும். ஆனால் வெயில் படும் நேரமெல்லாம் இறக்கையை அணைக்க முடியாது, அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். அதற்கு சுவிட்ச் சூரியன்தான். 2008 ஜனவரி 30 இல் பெக்கி விட்சன், டானியல் தானி என்ற இரண்டு வீரர்களும் நிலையம் பூமியின் நிழலுக்குள் இருக்கும் முப்பது நிமிடச் சொச்சத்தில் மட்டும், தலைக்கவச விளக்கு வெளிச்சத்தில், அந்தத் தொடுப்புகளைக் கழற்றி மாட்டினார்கள். கூரையில் சோலார் பூட்டும் தம்பிமார் இதை நினைவில் வைத்திருங்கள். பகலில் பனலின் வயர் உயிரோடுதான் இருக்கும், மெயினை அணைத்தாலும்.

தொடாமலே அனுப்ப முடியாதா? போனைக்கூட வயர் இல்லாமல் சார்ஜ் பண்ணுகிறோமே?

முடியும். நிலைமாற்றியின் (டிரான்ஸ்போமரின்) இரண்டு சுருள்களில் ஒன்றைச் சுழலும் பக்கத்திலும் மற்றதை அசையாத பக்கத்திலும் எதிரெதிரே வைத்து, நடுவே மெல்லிய இடைவெளி விட்டால் அது சுழல் நிலைமாற்றி. பழைய வீடியோ டெக்குக்குள் பளபளவென்று சுற்றும் தலைக்கு அடியில் இருந்தது இதுதான். படச் சமிக்ஞை தொடுகையில்லாமல் அதன் வழியே வந்தது. விண்கலங்களிலும் சமிக்ஞைக்கு இது நன்றாகப் பயன்படும்.

பெரிய மின்சாரம் என்றால் செலவு இருக்கிறது. பனல் தருவது நேரோட்டம், நிலைமாற்றி கேட்பது ஆடலோட்டம். எனவே மூட்டுக்கு முன்னால் மாற்ற வேண்டும், பின்னால் திரும்ப மாற்ற வேண்டும். பாரம், வெப்பம், இழப்பு மூன்றும் கூடும். 1980களில் நாசா தன் விண்வெளி நிலையத் திட்டத்துக்கு 20 கிலோஹேர்ட்ஸ் ஆடலோட்டத்தையே முழு நிலையத்துக்கும் கொடுக்கலாம் என்று தீவிரமாக ஆராய்ந்தது. அப்படிச் செய்திருந்தால் சுழல் நிலைமாற்றி இயல்பாகப் பொருந்தியிருக்கும். பிறகு நேரோட்டத்துக்கே மாறினார்கள். இன்று ஆளிகளாகப் பயன்படும் குறைகடத்திகள் அந்தக் காலத்தைவிட மிகவும் முன்னேறியிருப்பதால், இந்த வழியைத் திரும்பப் பார்க்க வேண்டிய நேரம் இது என்று நினைக்கிறேன்.

பாதரசம் மாதிரி திரவ உலோகம் வைத்தால்?

தரையில் அப்படிப்பட்ட சுழல் இணைப்பிகள் விற்பனைக்கே உண்டு. மேலே, பாதரசம் ஆவியாகும், இன்னொரு திரவ உலோகமான காலியம் அலுமினியத்தைத் தின்னும், புவியீர்ப்பு இல்லாமல் திரவம் சொன்ன இடத்தில் நிற்காது.

முழு உடலும் சுழலும் விண்கலங்களில்?

அங்கே பிரச்சினை தலைகீழ். உடல் சுழலும், கமரா அல்லது அன்டெனா அசையாமல் நிற்க வேண்டும். 1989 இல் புறப்பட்டு 1995 இல் வியாழனை அடைந்த கலிலியோ அப்படிப்பட்டது. ஒரு பகுதி நிமிடத்துக்கு 3 சுற்று அளவில் சுழன்றது, கமரா இருந்த பகுதி சுழலவில்லை. மின்சாரம் தரும் அணுக்கரு மின்கலங்கள் சுழலும் பக்கத்தில் இருந்ததால், கமராவுக்கான மின்சாரம் மூட்டைக் கடந்துதான் போக வேண்டும். தூரிகையிலிருந்து உதிர்ந்த துகள்கள் வளையங்களுக்கு இடையே கடத்தும் பாதை அமைத்து, கணினிக்குப் போலியான மீள்தொடக்கச் சமிக்ஞை கொடுத்தன. கலம் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். அத்தனை தூரத்தில் துடைக்க ஆளில்லை. பொறியியலாளர்கள் மென்பொருளை மாற்றி, அந்தப் போலிச் சமிக்ஞை வந்தாலும் வேலை தொடரும்படி செய்தார்கள். 2003 வரை கலிலியோ உழைத்தது.

இலங்கையின் ராவணா-1 இல் இப்படி ஒரு மூட்டு இருந்ததா?

இல்லை. 2019 ஜூன் மாதம் விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்ட அது, பக்கத்துக்குப் பத்து சென்ரிமீட்டர் அளவுள்ள சின்னப் பெட்டி, ஒரு கிலோ அளவு பாரம். சூரியக் கலங்கள் உடலிலேயே ஒட்டியிருந்தன. அந்த அளவுக்கு அதுதான் சரியான தெரிவு.

மின்சாரம் கடக்கும், சரி. குழாயில் ஓடும் திரவம் எப்படிக் கடக்கும்?

நிலையத்தின் வெப்பம் வெளியேற்றும் பனல்களுக்கு அமோனியா ஓட வேண்டும். அதற்கு ஸ்லிப் ரிங் மாதிரி ஒன்றை வைத்தால் முத்திரை கசியும் பயம். அதனால் அந்த மூட்டுகளில் வளையும் குழாய்கள்தான், திரும்பும் கோணத்துக்கும் எல்லை உண்டு. முன்பு சொன்ன அதே கேள்வி: முடிவில்லாமல் சுற்றத்தான் வேண்டுமா?

இதைப் படிக்க எங்கே போகலாம்?

இயந்திரவியல், மின்பொறியியல் இரண்டும் உதவும். மொறட்டுவை, பேராதனை தவிர கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் நமக்குக் கிட்ட. உராய்வு, தேய்வு, மசகு பற்றிய பாடத்தைச் சலிப்பானது என்று ஒதுக்காதீர்கள். அதற்கு முன்பே கற்கத் தொடங்கலாம்: ஒரு வைண்டிங் கடையில் விடுமுறைக்கு நின்று, தேய்ந்த தூரிகையின் முகத்தை வாசிக்கப் பழகுங்கள். வளையத்தில் கோடு விழுந்திருந்தால் எதனால், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் எதனால் என்று சொல்லக்கூடியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். புத்தகத்தில் அந்த அறிவு குறைவு.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது?

பழைய இரும்புக் கடையில் லொறி அல்டர்னேட்டர் ஒன்று வாங்கிக் கழற்றுங்கள். இரண்டு செப்பு வளையங்களும் இரண்டு தூரிகைகளும் அப்படியே கிடைக்கும். சுவர்ப் பிளக் மின்சாரத்தை இதில் தொடவே கூடாது. 12 வோல்ட் மின்கலமும், 1 அம்பியர் அளவு இழுக்கும் ஒரு 12 வாட் பல்பும் போதும்.

பல்பின் மின்சாரத்தைத் தூரிகை வழியாக வளையத்துக்கு விட்டு, தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தூரிகையிலும் மற்றதை வளையத்தோடு சேர்ந்த கம்பியிலும் பிடியுங்கள். 1 அம்பியரில் 20 மில்லிவோல்ட் காட்டினால் தொடுகைத் தடை 20 மில்லி ஓம். சுற்றும்போது அந்த எண் எப்படித் துள்ளுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரத்தோடு தகவலும் அனுப்ப வேண்டியிருந்தால் இந்தத் துள்ளல்தான் இரைச்சல்.

அப்புறம் ஒரே மாதிரி இரண்டு வளையத் தொகுதி எடுங்கள். ஒன்றைக் கடற்கரைப் பக்கத்து வீட்டின் திறந்த ஜன்னலில் வையுங்கள். மற்றதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கி மூடிய போத்தலில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் அதே மின்சாரத்தில், அதே வேகத்தில் அளந்து பாருங்கள். வளையத்தைத் துடைக்காமல் முதல் பத்துச் சுற்றை அளப்பது முக்கியம். அதன் பிறகு தூரிகையே பச்சைப் படலத்தைச் சுரண்டத் தொடங்கிவிடும். அளவீடுகளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள், வரைபாக வரைந்து பார்ப்போம்.